என் நாத்தனாரின் தொடையெலும்பு

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் மூன்றாவது வார்த்தையிலேயே எனக்கு மூச்சு வாங்கும். கெட்டதாகச் சொல் என்றாலும் அப்படித்தான். கல்லும் அரிசியுமாகக் கலந்து வந்த பிறவி அவள். பொறுக்கி எடுத்துவிடலாம் என்று நான் முறத்தோடு உட்கார்ந்து எத்தனையோ வருஷங்கள் ஆகின்றன. இன்னும் முடிந்தபாடில்லை.

என் கணவருக்கு ஒரே அக்கா. மாமியார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் என்னை மயிலாப்பூரில் கொடுத்தார்கள். மாமியார் இல்லை என்பது வாஸ்தவம். வந்து பார்த்தால் மாமியாருக்கு உரிய சாவிக்கொத்து அக்காவின் இடுப்பில் இருந்தது. அரிசி பருப்பு வைக்கும் உக்கிராண அறைச் சாவி, பீரோ சாவி, காபிக்கொட்டை வைத்திருந்த அலமாரியின் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, ஒன்பது கஜப் புடவையின் மடிப்புக்குள் வலது பக்கம் செருகியிருப்பாள். தூங்கும்போதும் எடுக்க மாட்டாள். அவள் புரண்டு படுத்தால் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும்.

இருபத்தாறு வயதில் நாக்பூரிலிருந்து கணவனை விட்டுவிட்டு ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்தவள். அடித்தானா, குடித்தானா என்று ஊரே கேட்டது. இரண்டும் இல்லை. "அங்க என்னை யாரும் எதுவும் கேக்கலை" என்றாள். கடைசி வரை அவள் சொன்ன காரணம் இது ஒன்றுதான். யாராவது வந்து 'சௌக்கியமா இருக்கேளா' என்று அவளைப் பார்த்துக் கேட்டால், பக்கத்தில் இருந்து அவன் 'அவளுக்கென்ன, நன்னாத்தான் இருக்கா' என்று பதில் சொல்வானாம். பந்தியில் 'இன்னும் கொஞ்சம் சாதம்' என்று அவளிடம் கேட்டால் 'அவளுக்குப் போதும்' என்பானாம். இதற்காக ஒருத்தி வாழ்க்கையை உதறிவிட்டு வருவாளா என்று புதுசாகக் கல்யாணமாகி வந்த எனக்குத் தோன்றியது. பத்து வருஷம் குடித்தனம் செய்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

அவளுக்காக இன்னொருவர் வாயைத் திறந்தால் போதும், அவளுக்குப் பொறுக்காது. கோயிலில் குருக்கள் வழக்கம்போல என் கணவர் பெயரையும் நட்சத்திரத்தையும் முணுமுணுக்க ஆரம்பித்தால் கையை நீட்டி நிறுத்துவாள். "இன்னிக்கு அர்ச்சனை எனக்கு. என் பேரைச் சொல்லுங்கோ. தம்பிக்கு வேணும்னா அவன் வந்து கேப்பான்" என்பாள். கறிகாய்க்காரி என்னிடம் 'பெரியம்மாவுக்கு வாழைப்பூ புடிக்குமா' என்று கேட்டால், உள்ளேயிருந்து அவள் குரல் வாசல் வரை வரும். "பெரியம்மாவுக்கு வாய் இருக்கு, பெரியம்மாவையே கேளு." அவளோடு வெளியே போனால் பாதி நேரம் நான் தெருவில் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பேன்.

ஒரே ஒரு தடவை அந்தக் குணம் எனக்காகவும் வேலை செய்தது. எனக்கு இரண்டாவது மாதம், தலை தூக்க முடியாத மசக்கை. மாட வீதியில் டிஸ்பென்ஸரி வைத்திருந்த எங்கள் குடும்ப டாக்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், வயதானவர், கூச்ச சுபாவம். பெண்களின் நாடியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் பிடிப்பார். அதை மயிலாப்பூரே ஒரு பெரிய குணமாகப் போற்றியது. கேள்வியெல்லாம் வீட்டு ஆண்பிள்ளையிடம்தான். அன்றைக்கும் அவர் கேட்க, என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்: ராத்திரி தூங்கினாள், காலையில் கஞ்சி குடித்தாள், இப்போது பரவாயில்லை. அக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாக உள்ளே வந்து தம்பியைப் பார்த்தாள்.

"வாந்தி எடுத்தது நீயாடா?"

உடனே டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், வாந்தி எடுத்தது அவ. அவளைக் கேளுங்கோ. அவ ராத்திரி தூங்கவே இல்லை, இவன்தான் தூங்கினான்" என்றாள். டாக்டர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்து, என்னம்மா செய்கிறது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலமே, காபி டிகாஷன் தண்ணியாக இறங்கியிருக்கிறது என்று என்னைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சுதந்திரம் வந்த வருஷம், ஐப்பசி அடைமழையில், கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். வலது பக்கமாக, இடுப்பு தரையில் அடிக்கிற மாதிரி. நான் ஓடிப் போய்த் தூக்குவதற்குள் தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து வந்து, கொதித்துக்கொண்டிருந்த ரசத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் படுத்தாள். அதே டாக்டர் வந்தார். என் கணவர் வாயைத் திறக்கப் போக, அவள் முந்திக்கொண்டாள். "நானே சொல்றேன். முழங்கால் வலிக்கறது. வேற எங்கயும் இல்லை. முழங்கால்தான்."

டாக்டர் முழங்காலைப் புடவையின் மேலேயே அழுத்திப் பார்த்தார். பிறகு கடமைக்காக, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே மடிப்பின் மேலேயே ஒரு தடவை கையை வைத்து எடுத்தார். "எலும்பு இருக்க வேண்டிய எடத்துல கெட்டியா இருக்கு. வெறும் சதைப்பிடிப்பு" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, தேய்ப்பதற்குத் தைலம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தைலத்தை ஒன்றரை வருஷம் நான்தான் தேய்த்தேன். வலி போகவில்லை. நடை கோணலாகிக்கொண்டே போனது. கோயிலுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நிற்க ஆரம்பித்தாள். பிறகு கோயிலுக்கே போகவில்லை. வலது கால் குட்டையாகிவிட்டது போல இருக்கிறது என்று நான் ஒரு நாள் சொன்னதற்கு, என் கண்தான் கோணல் என்றாள்.

எங்கள் சந்து முனையில் ஒரு கை ரிக்‌ஷாக்காரன் இருந்தான். அவன்தான் ஒரு நாள் அவளிடம் நேராகவே சொன்னான். "இன்னாம்மா, இன்னும் இப்டி இசுத்துகினே நடக்கிறே? அபிராமபுரத்துல பட்டாளத்து டாக்டரு ஒர்த்தரு கீறாரு. என் கூட்டாளி காலு ரெண்டு துண்டா கெடந்துச்சு. இப்ப வண்டி இசுக்கிறான். போய்ப் பாரு." அவன் என்னிடமோ என் கணவரிடமோ சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். அவளிடமே சொன்னதால் போனாள்.

அபிராமபுரத்தில் தோப்புக்கு நடுவே ஒரு பழைய பங்களாவை அந்த டாக்டர் நர்ஸிங் ஹோமாக மாற்றியிருந்தார். யுத்தத்தில் பர்மா வரை போய் வந்தவர். குரலும் பட்டாளத்துக் குரல். உள்ளே போனதும் என் கணவர் ஆரம்பித்தார்: "எங்க அக்காவுக்கு முழங்கால்ல..."

"நீங்க வெளியில இருங்க சார்" என்றார் டாக்டர்.

இதைச் சொன்ன கணத்தில் அந்த மனிதர் அக்காவின் மனசில் ஜெயித்துவிட்டார் என்று நினைக்கிறேன். என்னை மட்டும் நிற்கச் சொன்னாள். டாக்டர் அவளைப் பார்த்தே பேசினார். "அம்மா, முழங்கால் வலிக்குதுன்னு நீங்க சொல்றது பொய்யில்லை. ஆனா இடுப்பு மூட்டு கெட்டுப்போனா வலியை முழங்காலுக்கு அனுப்பிவிடும். அதனால தொட்டுப் பார்க்கணும். புடவை மேல தொட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. சம்மதமா?"

அந்தக் காலத்தில், அந்த வீட்டிலிருந்து வந்த ஒருத்தி, முன்பின் தெரியாத ஆண்பிள்ளை முன்னால் புடவையைத் தளர்த்துவது என்றால் இப்போது இருப்பவர்களுக்குப் புரியாது. அவள் சாவிக்கொத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கல்யாணமாகி வந்து ஆறு வருஷத்தில் அதை அன்றுதான் தொட்டேன். பிறகு மடிப்பைத் தளர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டாள். "எங்க தொடணுமோ சொல்லுங்கோ. நான் மொதல்ல தொட்டுக்கறேன். அப்பறம் நீங்க தொடுங்கோ" என்றாள்.

அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லிக்கொண்டே வந்தார். இடுப்புக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பின் மேல் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். தொடையின் வெளிப்பக்கத்தில், மேலே, ஒரு பெரிய குமிழ் தட்டுப்படும், அதன் உச்சியில் நடுவிரலை வைக்கச் சொன்னார். தொடையெலும்பின் குமிழ் அது. எத்தனை சதை இருந்தாலும் அந்த ஒரு இடத்தில் எலும்பு வெளியே வந்து நம்மோடு பேசும் என்றார். இடது பக்கம் வைத்துப் பார்த்தாள். விரல்கள் தாராளமாக விரிந்தன. வலது பக்கம் வைத்தாள். விரிக்க இடமில்லை. திரும்பவும் இடது, திரும்பவும் வலது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இந்தப் பக்கம் மேல ஏறிண்டிருக்கு. ரெண்டு விரக்கடை இருக்கும்."

"அதேதான். தொடையெலும்போட கழுத்து உடைஞ்சு எலும்பு மேல ஏறிடுச்சு. விழுந்த அன்னிக்கே உடைஞ்சிருக்கு."

"அன்னிக்கு டாக்டர் கை வெச்சுப் பாத்தாரே. கெட்டியா இருக்குன்னாரே."

சொல்லிவிட்டு அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கையில் சாவிக்கொத்து இருந்தது. விழுந்த அன்றும் அது அவள் வலது இடுப்பில்தான், மடிப்புக்குள், சரிந்து கிடந்தது. பாவம் அந்த மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, புடவையின் மேலே, எங்கள் உக்கிராண அறைச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எலும்பு கெட்டியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். என்னிடம் அதைக் கொடுத்துத் தொலைத்திருந்தால் ஒன்றரை வருஷ வலி மிச்சமாகியிருக்குமே என்று தோன்றியது. அந்தக் கணத்தில் அவள் மனசில் எது வலித்தது என்று எனக்குத் தெரியும். முழங்கால் என்று அவளேதான் சொன்னாள். யாரையும் தனக்காகப் பேச விடாதவளுக்கு அவள் உடம்பே தப்பாகப் பேசியிருந்தது.

எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்ததில் எலும்பின் தலை செத்துப்போயிருந்தது. டாக்டர் ஒரு வழி சொன்னார். செத்த தலையை எடுத்துவிட்டு, வெளிநாட்டில் இப்போதுதான் செய்து பார்க்கிறார்களாம், கண்ணாடி மாதிரி ஒரு கெட்டியான வஸ்துவில் வார்த்த உருண்டையைக் காம்போடு எலும்புக்குள் செருகிவிடுவது. அவர் நண்பர் ஒருவர் அனுப்பி வைத்திருக்கிறார். "இது புதுசு. எத்தனை நாள் உழைக்கும்னு எனக்கே தெரியாது. தேயும். அதனால போட்டப்புறம் நடையைச் சிக்கனமா வெச்சுக்கணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்கத் தனக்கு எலும்பு வேண்டும் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்து கூடத்து மேஜையில் ஒரு மனிதத் தொடையெலும்பை வைத்தார். மெடிகல் காலேஜில் படித்த காலத்திலிருந்து வைத்திருந்ததாம். என் கணவர் நாற்காலியோடு பின்னால் போனார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். அவள் மட்டும் அதைக் கையில் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தலை எது, கழுத்து எது, வெளிப்பக்கத்துப் பெரிய குமிழ் எது, உள்பக்கத்துச் சின்னக் குமிழ் எது என்று கேட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள். தலையின் நடுவும் பெரிய குமிழின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றார் அவர். கழுத்தை எங்கே வெட்டுவது என்பதைச் சின்னக் குமிழை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். தப்பினால் கால் நீளும், இல்லை குட்டையாகும்.

"அக்கா, அதைக் கீழ வை. ஆத்துக்குள்ள பிணத்தோட எலும்பு. தீட்டு" என்றார் என் கணவர்.

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எனக்குள்ளயே இதுல ரெண்டு இருக்கு. அப்ப நான் தினமும் தீட்டா?"

"அது உசிரோட இருக்கறது."

"ஒண்ணு செத்துப்போச்சுன்னுதானே டாக்டர் வந்திருக்கார்."

என் கணவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இந்த ஆபரேஷனுக்குத் தான் சம்மதிக்கப் போவதில்லை என்றார். உடம்புக்குள் அன்னிய வஸ்துவை வைத்துக்கொண்டு நாளைக்குக் கொள்ளி வைத்தால் அது எரியுமா எரியாதா என்றுகூடத் தெரியாது, காரியம் எப்படி நடக்கும் என்றார். நியாயமான பயம்தான், அந்தக் காலத்துக்கு. "எரியலேன்னா எடுத்துச் சோடா பாட்டில்ல போட்டு வெச்சுக்கோ. கோலி மாதிரி உருளும்" என்றாள் அக்கா. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, தம்பியின் சம்மதம் இல்லாமல் செய்வது வழக்கமில்லைதான் என்று இழுத்தார். அவள் எலும்பை மேஜையில் வைத்தாள்.

"பர்மாவுல குண்டு பட்டவனுக்குக் கால் எடுக்கறச்சே யாரைக் கேட்டேள்? அவன் தம்பியையா?"

"அவனைத்தாம்மா கேப்போம்."

"அப்ப என்னைக் கேளுங்கோ."

டாக்டர் எழுந்து நின்று கேட்டார். ஆமாம், எழுந்து நின்றுதான். அவள் சரி என்றாள். என் கணவர் அன்றைக்கெல்லாம் எங்களோடு பேசவில்லை. கூடத்தைக் கழுவிவிட்டு எல்லோரும் தலைக்குக் குளித்தோம், அவளும்தான். தீட்டில் நம்பிக்கை இல்லாதவள் இல்லை அவள். தன்னைக் கேட்காமல் அதைத் தன் மேல் ஒட்டவைத்தால்தான் அவளுக்கு ஆகாது.

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தார்கள். மயக்க மருந்து வேண்டாம், முழித்துக்கொண்டுதான் இருப்பேன் என்று அடம் பிடித்து ஜெயித்தாள். நாங்கள் வெளியே தோப்பில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே உதவிக்கு இருந்த சாந்தோம் ஆயா வெளியே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா பொம்பளம்மா அது. இப்ப எந்த எடம், இப்ப எந்த எடம்னு கேட்டுகினே இருக்கு. பெரிய குமிழு வந்தாச்சு, சின்ன குமிழு வந்தாச்சுன்னு டாக்டரு சொல்லிகினே கீறாரு. கோயில்ல மாதா பிரார்த்தன சொல்றப்போ ஒர்த்தர் சொல்ல ஒர்த்தர் பதில் சொல்லுவோம் பாரு, அந்தக் கணக்கா கீது" என்றாள். என் கணவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெற்ற தாயைப் போல அவரை வளர்த்தவள் அவள். அவருக்குப் பயம்தான், வேறொன்றும் இல்லை.

கால்கள் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தன. ஊன்றுகோல் ஒன்றோடு நடந்து வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகு எங்களுக்கு நிம்மதி போயிற்று. பார்க்க வருகிற பெண்களையெல்லாம் நிற்க வைத்து இடுப்புக்குக் கீழே விரலை வைத்து, "நில்லுடீ, உன் குமிழ் எங்க இருக்கு பாப்போம்" என்பாள். அவர்கள் கூச்சத்தில் நெளிவார்கள். தன் குமிழ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒருத்தி எப்படி இத்தனை வருஷம் நடந்தாள் என்று அவளுக்கு ஆச்சரியம். இன்னொரு தொல்லை, அந்த உருண்டை சத்தம் போட ஆரம்பித்தது. அவள் நடந்தால் துரு ஏறிய கிணற்று ராட்டினம் மாதிரி கீச்கீச் என்று கேட்கும். கோயில் பிராகாரத்தில் அவள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். எனக்கு வெட்கமாக இருக்கும். அவள் அந்தச் சத்தத்துக்காக ஒரு அடிகூட மெதுவாக வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் ஒரு நாள் கோயிலிலிருந்து முகமலர்ச்சியோடு வந்தார். குடும்ப டாக்டரைச் சன்னிதியில் பார்த்தாராம். "அக்கா விஷயத்துல தப்பு பண்ணிட்டேன், கொஞ்சம் கவனிச்சுப் பாத்திருக்கணும்னு ரொம்ப வருத்தப்பட்டார், பாவம்" என்றார்.

அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "யார்கிட்ட சொன்னார்?"

"என்கிட்டதான்."

"விழுந்தது நீயா?"

மறுநாள் சாயங்காலம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நான். எங்கள் சந்திலிருந்து கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு டிஸ்பென்ஸரிக்குப் போக அவள் நடைக்கு அரை மணி ஆகும். மருந்து மிக்ஸ்சர் வாங்கப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த கூட்டம் கீச்கீச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பியது. டாக்டர் எழுந்து வந்தார். "வாங்கோ, உக்காருங்கோ. தம்பி வரலையா?"

"வரலை."

"என்ன உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. எங்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு உங்களண்டை இருக்கு. அதைக் கேட்டுண்டு போக வந்தேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், யாருக்கோ மருந்து கலக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். அவள் உட்காரவில்லை. விளக்கு வைக்கிற வரை நிலைப்படியருகே நின்றுவிட்டுத் திரும்பினாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். வெள்ளிக்கிழமை, அமாவாசை ஒன்றும் பார்க்கவில்லை. திட்டவில்லை, கத்தவில்லை, நின்றாள். டாக்டர் வெளியே போயிருக்கிறார் என்று கம்பவுண்டர் சொன்னால், வரட்டும் என்று நின்றாள். என் கணவர் கெஞ்சினார், மானம் போகிறது என்றார். "உன் மானம் உன்னோட. நான் என் காலோட போறேன்" என்றாள். நான்தான் தினமும் கூடப் போனேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டு, பிறகு குனியாமல்.

ரிக்‌ஷாக்காரன் தினமும் வண்டியைக் காட்டுவான். "ஏறிக் குந்திக்கம்மா, துட்டு வாணாம். கால் இப்டி கத்துதே, கொஞ்சம் எண்ண கிண்ண விடக் கூடாதா?"

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்பா" என்பாள். ஏறமாட்டாள்.

நடையைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. நினைவுபடுத்தினால் முறைப்பாள். அதே மாதிரி உருண்டை வைத்துக்கொண்ட வேறொருவருக்கு ஏழெட்டு வருஷம் உழைத்ததாக அபிராமபுரத்து டாக்டர் பின்னால் சொன்னார். அக்காவுக்கு மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. தேய்ந்து, ஆடி, எடுத்துப்போட வேண்டியதாயிற்று. அப்புறம் அவள் கடைசி வரை இரண்டு பக்கமும் கோல் ஊன்றித்தான் நடந்தாள். அதெல்லாம் அந்தச் சாயங்காலங்களில் போனது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மார்கழியில் ஒரு நாள். டிஸ்பென்ஸரியில் நல்ல கூட்டம். ஒரு ஆள் தன் மனைவிக்கு எங்கே வலிக்கிறது என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவன் பின்னால் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். எழுந்து நிலைப்படிக்கு வந்தார். வழக்கம்போல முகம் ஜன்னல் பக்கம் போயிற்று. பிறகு திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"தப்பு என்னோடதும்மா. தொட்டுப் பாக்க வேண்டிய எடத்துல தொட்டுப் பாக்கலை. உங்களைக் கேக்க வேண்டியதைக் கேக்கலை. உங்க காலைக் கெடுத்தது நான்தான்" என்றார். அத்தனை பேருக்கும் கேட்டது.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "முழங்கால்னு நான் சொன்னது என் தப்பு. அதையும் சொல்லிடறேன்" என்றாள். பிறகு, "சரி, வரேன்" என்று திரும்பிவிட்டாள்.

குளத்தின் வடக்குப் பக்கம் வரை விறைப்பாக நடந்தாள். முனை திரும்பியதும் நின்றாள். என் தோளைப் பிடித்தாள். யாரும் தன்னைத் தாங்கக் கூடாது என்று இருந்தவள், முழு பாரத்தையும் என் மேல் போட்டாள். முகம் வேர்த்து வழிந்தது. குளத்துப் படிக்கட்டில் உட்கார வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வலது தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கறதா அக்கா?"

"வலிக்கறது."

"எத்தனை நாளா?"

"அவராத்து வாசலுக்குப் போக ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளிடம் அதுவரை உரத்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். "சிக்கனமா நடக்கச் சொன்னாரே. கெடச்ச நடையெல்லாம் அந்த மனுஷன் வாசலுக்கே நடந்து தீத்துட்டேளே" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பின்னே எதுக்குடீ போட்டுண்டேன்? அடுக்களைக்கும் கிணத்தடிக்கும் நடக்கறதுக்கா?"